இருபத்தெட்டு

புறப்பட்டபோது இருபத்தேழு பேர்.
சேந்த்-ஆந்த்ரே பள்ளி வாசலில், விடியாத நாலரை மணிக்கு,
பேருந்துப் படியில் நின்று தலை தொட்டு ஏற்றினேன்.
எலோடிக்கு மூச்சிழுத்தால் வென்டோலின், என் இடப்பையில்.
லோரிக்குக் குளவி கொட்டினால் ஊசி, வலப்பையில்.
கழுத்தில் விசில்.
ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.
ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்த்தேன்,
கனம் பொய் சொல்லாது.

லோரிக்கின் அப்பா வருஷா வருஷம் தீ மிதிப்பவர்.
அனுமதித் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர்
மூன்று தடவை கேட்டார்:
"அந்த மலை இப்போ தூங்குதுதானே?"
காலையில் வானொலி கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம் என்றேன்.
கையெழுத்து கோணலாக விழுந்தது.

மழைச்சட்டை எல்லோருக்கும் மஞ்சள்.
அது என் யோசனை.
பெற்றோர் கூட்டத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்,
பனியிலும் மஞ்சள் தெரியும் என்று.

படி இறங்கி, எரிமலையின் காலடியில்,
பாறைகளில் இட்ட வெள்ளைப் புள்ளிகளைப் பிடித்து நடந்தோம்.
ரீயூனியனின் பச்சையெல்லாம் மேலேயே நின்றுவிட்டது.
இங்கே உறைந்த கறுப்பு மட்டும்,
முறுக்குப் பிழிந்து பாதியில் விட்டதுபோல்.
எதிரே ஏதோ ஒரு பள்ளி, சிரித்துக்கொண்டு கடந்து போனது.
பத்தரைக்கு மூடுபனி.
வந்தது என்று சொல்ல முடியாது,
பார்த்தபோது இருந்தது.

"நில்!"

பள்ளி மைதானத்தில் நாலு முறை
கேலியும் சிரிப்புமாய்ப் பழகியதுதான்:
முன்னால் இருப்பவர் பையைப் பிடி,
உன் எண்ணைச் சொல்.
நான் தமிழ் வாத்தியார், எண்ணும் தமிழில்தான்.
ஒன்று என்றது ஒரு தலைமூடி. இரண்டு. மூன்று.
பதினேழில் யாரோ தும்மினார்கள்.
இருபத்தொன்றில் வழக்கம்போல் தடுமாற்றம்.
இருபத்தாறு.
இருபத்தேழு.
மூச்சு விட்டேன்.

வரிசையின் வால் நுனியிலிருந்து
இன்னொரு சின்னக் குரல்
பிரெஞ்சில் சொன்னது:
"தீஸ்-நெஃப்."

பத்தொன்பது.

குறையும் என்றுதான் இத்தனை வருஷம் பயந்திருக்கிறேன்.
கூடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.
தலைமூடியை விலக்கினேன். தெரியாத முகம்,
மூக்கு நுனி சிவந்து, இன்னும் அழத் தொடங்காமல்.
பெயர் மத்தேயோ ஓவாரோ, சேன்-ழோசெஃப் பள்ளி.
மஞ்சளைப் பார்த்தான், மஞ்சளின் பின்னால் நடந்தான்.

அப்படியென்றால் இந்த வெள்ளைக்குள் எங்கோ
பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே
ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

தேடிப் போகவில்லை.
போகத் துடித்த என் கால்களையும் சேர்த்து
எல்லோரையும் உட்கார வைத்தேன்.
தொலைபேசியில் ஒரு கோடும் இல்லை.
மூன்று விசில். நிறுத்தம். மூன்று விசில்.
எலோடி தன் பிஸ்கட்டை அவனுக்கு உடைத்தாள்,
பெரிய பாதியை வைத்துக்கொண்டு.
பதினோராவது தடவைக்குப் பிறகு
பதில் விசில்,
தப்பான திசையிலிருந்து.

புள்ளி புள்ளியாய் ஒரு பெண் வந்தாள்.
அவள் பின்னால் கயிறு பிடித்த மஞ்சள் சட்டைகள்,
அதே கடை, அதே தையல்.
திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
அவன் தலைமேல் கை வைத்து
"தீஸ்-நெஃப்" என்றாள்.
பிறகு திரும்பி, விட்ட இடத்திலிருந்து,
இருபது, இருபத்தொன்று என்று
கடைசிவரை எண்ணி முடித்தாள்.
அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில், குலுங்கும் எழுத்தில்,
அடுத்த வருஷத் தாளில் இரண்டு வரி சேர்த்தேன்.
சட்டைக்கையில் பள்ளியின் பெயர், அழியாத மையால்.
எண்ணிக்கை கூடினாலும் நில்.

"அவனை நாமளே வச்சிருக்கலாம் சார்" என்றான் லோரிக்.

வாசலில் அவன் அப்பா எதுவும் கேட்கவில்லை.
குந்தி உட்கார்ந்து மகனின் காலணியைக் கழற்றி
கவிழ்த்துத் தட்டினார்.
கறுப்பு மணல் கொட்டியது.
உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து
சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.